சேவுக்கடைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: சாத்தூர் முதல் நெல்லை வரை

மதுரையிலிருந்து தெற்கே போகும் நான்குவழிச் சாலையில் விருதுநகரைத் தாண்டியதும் 'ஒரிஜினல் சாத்தூர் சேவு' என்ற பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கார் நிறுத்த இடம் இருக்கும், கழிப்பறை இருக்கும், ஏ.சி.கூட இருக்கும். சரக்குப் போடுகிற அடுப்பு மட்டும் பெரும்பாலும் அங்கே இருக்காது. அது ஊருக்குள்ளே, பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் பஜாரிலும் உள்ள பழைய கடைகளின் பின்கட்டில் எரிந்துகொண்டிருக்கும். அப்பா கல்லாவில், மகன் தராசில், சித்தப்பா அடுப்படியில் என்று ஒரே குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாக நடத்தும் கடைகள் அவை. வெளியூர்க்காரர்கள் உள்ளே போனதும் என்ன கேட்பது, எவ்வளவு வாங்குவது, எதை எப்படிக் கொண்டுபோவது என்று தடுமாறுவார்கள். அவர்களுக்காக இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். எந்தக் கடை என்று விசாரிக்கும் முன் எந்த நேரம் என்று பாருங்கள். பேர்போன கடையில் முந்தாநாள் போட்ட சேவைவிட, பக்கத்துச் சின்னக் கடையில் காலையில் எடுத்த சேவு நன்றாக இருக்கும். கீழே சொல்கிற பெரும்பாலான விஷயங்கள் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

எந்த ஊரில் எதை வாங்குவது

ரயிலில் வந்தாலும் சாலையில் வந்தாலும் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி நான்கும் ஒரே வரிசையில் வரும். விருதுநகரிலிருந்து சாத்தூர் சுமார் 27 கிலோமீட்டர். அங்கிருந்து கோவில்பட்டி 20 கிலோமீட்டரை ஒட்டி. கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஆகும். பஸ்ஸில் ஏறும்போது 'ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?' என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பைபாஸ் வண்டி உங்களைச் சாலையோரம் இறக்கிவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் கால் கிலோ சேவு வாங்கியிருக்கலாம்.

சாத்தூரில் காரச்சேவு, மிளகுச்சேவு, கருப்பட்டி மிட்டாய். கோவில்பட்டியில் கடலை மிட்டாய். நெல்லையில் அல்வா. இந்த வரிசையிலிருந்து விலகி மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, கிழக்கே போனால் தூத்துக்குடியில் மக்ரூன். ஒரே நாளில் ஐந்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று ஊர்தான் ஒரு நாளுக்குச் சரியாக வரும்: மதியத்துக்கு முன் சாத்தூர், மதியம் கோவில்பட்டி, மாலை நெல்லை. இந்த வரிசையை மாற்றி நெல்லையிலிருந்து மேலே வந்தால் அல்வாவைக் காலையில் ஆறிப்போன நிலையில் வாங்க நேரும். அதனால்தான் தெற்கு நோக்கிப் போகிற வழியாகச் சொல்கிறோம்.

அடுப்பின் நேரம்

சேவுக்கடையில் எண்ணெய்ச் சட்டி காலையிலேயே ஏறிவிடும். காரச்சேவு, ஓமப்பொடி, பக்கோடா என்று உலர்ந்த சரக்கைப் போட்டு முடித்து, ஆறவிட்டு, பதினொரு மணி வாக்கில் முன்கடைத் தட்டுகளில் கொட்டி வைப்பார்கள். பலகாரத்துக்கு அது நல்ல நேரம்: சூடு போயிருக்கும், மொறுமொறுப்பு முழுதாக நிற்கும், கூட்டமும் இருக்காது. மாலை நாலரைக்கு மேல் இரண்டாவது சுற்றில் வடை, பஜ்ஜி, கருப்பட்டி மிட்டாய் வரும். இவை கடையிலேயே நின்று சாப்பிட்டால்தான் ருசி.

மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை பல குடும்பக் கடைகளில் பாதிக் கதவு சாத்தியிருக்கும், அல்லது கல்லாவில் ஒருவர் மட்டும் இருப்பார். அந்த நேரத்தில் போனால் சரக்கு கிடைக்கும், பேச்சு கிடைக்காது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் இதற்கு நேர்மாறு. எல்லாம் அன்றன்று போட்டதாக இருக்கும், ஆனால் மொத்த ஆர்டர் ஓடிக்கொண்டிருப்பதால் நூறு கிராம் கேட்கிறவரை நிமிர்ந்து பார்க்க ஆள் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஈரக்காற்றில் சேவு சீக்கிரம் நமத்துவிடும். அப்போது குறைவாக வாங்குங்கள்.

கடைக்குள் நுழைந்ததும்

நேரே கண்ணாடி அலமாரிக்குப் போய் விரல் நீட்டாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, உள்ளூர்க்காரர்கள் எந்தத் தட்டிலிருந்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வேகமாகக் குறைகிற தட்டில்தான் இன்றைய சரக்கு இருக்கும். ஓரத்தில் கூம்பாகக் குவித்து, மேலே அழகுக்கு முந்திரி செருகி வைத்திருப்பது கண்ணுக்காக வைத்தது.

இந்தப் பக்கம் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடலாம். வயதில் சின்னவராக இருந்தாலும் தவறில்லை. பெண்கள் கல்லாவில் இருந்தால் 'அக்கா', மூத்தவர் என்றால் 'அம்மா'. 'ஹலோ', 'பாஸ்' வேண்டாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் வியாபாரம் வியாபாரத்தோடு நின்றுவிடும்.

கேட்கிற கேள்விதான் முக்கியம். 'புதுசா?' என்று கேட்டால் உலகத்தில் எந்தக் கடைக்காரரும் 'ஆமா' என்றுதான் சொல்வார். அதை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்:

'அண்ணாச்சி, இன்னைக்கு என்னென்ன போட்டிருக்கீங்க?'

'அடுத்த ஈடு எப்ப எடுப்பீங்க?'

முதல் கேள்விக்கு இரண்டு மூன்று பண்டம் பெயரைச் சொல்வார்கள். அதை மட்டும் வாங்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் நீங்கள் காத்திருக்கத் தயாரான ஆள் என்று அவருக்குப் புரிந்துவிடும். 'பத்து நிமிசம் நில்லுங்க, சூடா வருது' என்பார், அல்லது 'அது நேத்துப் போட்டது, இதை எடுத்துக்கோங்க' என்று தானே திருப்பிவிடுவார். ஒரே ஊரில் ஐம்பது வருடம் கடை நடத்துகிறவருக்கு உங்கள் கால் கிலோவைவிடக் கடைப் பெயர் பெரிது.

ருசி பார்க்கக் கேட்பது வழக்கம்தான், கூச்சம் தேவையில்லை. 'ருசிக்கு ஒண்ணு குடுங்க' என்றால் கரண்டியால் எடுத்து உள்ளங்கையிலோ காகிதத்திலோ வைப்பார்கள். வலது கையை நீட்டுங்கள். தட்டுக்குள் நீங்களே கைவிடுவது மட்டும் கூடாது. கை ஈரம் பட்டால் அந்தத் தட்டே கெடும். இரண்டு மூன்று பண்டம் ருசி பார்த்தால் எதையாவது நூறு கிராமாவது வாங்குவது மரியாதை.

அடுப்படியைப் பார்க்க ஆசை இருந்தால் கல்லாவில் இருக்கிற பெரியவரிடம் கேளுங்கள். வாங்கி, காசு கொடுத்த பிறகு கேட்பது நல்லது. கொதிக்கிற எண்ணெய் அருகே குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். படம் எடுப்பதானால் தனியாக ஒருமுறை கேளுங்கள். மாவு அளவு கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் சரியாக இருக்காது. 'என்ன எண்ணெய்?' என்று கேட்பதில் தப்பே இல்லை. கடலெண்ணெயில் போடுகிறவர் அதைப் பெருமையாகவே சொல்வார்.

சேவைப் பார்த்து வாங்குவது

கடலை மாவும் அரிசி மாவும் கலந்து, மிளகாய்த்தூள், பூண்டு, ஓமம், உப்பு சேர்த்து, காய்ச்சிய எண்ணெய் கொஞ்சம் விட்டுப் பிசைகிற மாவு இது. கண் வைத்த பெரிய தட்டுக் கரண்டியை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே வைத்து, உள்ளங்கையால் மாவை அழுத்தித் தேய்த்தால் அடியில் விரல் நீளத்துக்கு விழுந்து பொரியும். அச்சில் போட்டுப் பிழிகிற சேவு ஒரே பருமனாக நீளமாக இருக்கும். கையால் தேய்த்தது நீளமும் பருமனும் ஏறுக்குமாறாக, விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். சாத்தூர்க்காரர்கள் இரண்டாவதைத்தான் தேடுவார்கள். சொரசொரப்பான பக்கத்தில்தான் காரம் நிற்கும் என்பது கணக்கு.

ஒரு சேவை எடுத்து நடுவில் ஒடியுங்கள். 'டக்'கென்று ஒடிந்து, உள்ளே பொடிப்பொடியான துளைகளோடு காய்ந்து இருந்தால் நல்ல சரக்கு. நடுவே மாவு நிறத்தில் அடர்ந்த கோடு தெரிந்தால் தீ கூடிப்போயிருக்கிறது: வெளியே சிவந்துவிட்டது, உள்ளே ஈரம் போகவில்லை. அன்றைக்கு நன்றாகவே இருக்கும், மறுநாள் நமத்துவிடும். பல்லுக்குக் கல்லாக இருந்தால் பிசையும்போது காய்ச்சிய எண்ணெய் போதவில்லை, அல்லது அரிசி மாவு ஏறிவிட்டது. விரலில் எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய் காயும் முன்பே மாவை விட்டிருக்கிறார்கள்.

நிறத்தில் செங்கல் போன்ற மங்கலான சிவப்புதான் மிளகாய் வற்றல் தூளின் நிறம். பளீரென்ற ஆரஞ்சோ ரத்தச் சிவப்போ என்றால் சாயம் விழுந்திருக்கிறது. ஓமப்பொடிக்கு மஞ்சள் வரும், அது மஞ்சள்தூளால்.

பிறகு வாசனை. மூக்கருகே கொண்டுபோனால் பூண்டும் கடலெண்ணெயும் வர வேண்டும். சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெயில் போட்டது, அல்லது சரக்கே பழசு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட கூறுகள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அளக்கிற கருவி உங்கள் பையில் இருக்காது, மூக்கு இருக்கிறது.

முதன்முறை வாங்குகிறவருக்கு எங்கள் யோசனை: காரச்சேவு 200 கிராம், மிளகுச்சேவு 100. மிளகுச்சேவில் வற்றல் காரம் இருக்காது, தொண்டையில் மெதுவாக ஏறும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். கால் கிலோ காரச்சேவு நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு நாள் தாராளமாக வரும், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதையும் சேர்த்து. ஒரு கிலோ வாங்கி ஊரெல்லாம் பங்கு வைப்பது அடுத்த முறை இருக்கட்டும்.

உடைந்த சேவும் தூளும் தட்டின் அடியில் தங்கும். சில கடைகளில் அதைத் தனியாகக் குறைந்த விலைக்குத் தருவார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள். உப்பும் காரமும் அடியில் இறங்கியிருப்பதால் ருசி தூக்கலாக இருக்கும். எலுமிச்சையும் வெங்காயமும் போட்டுப் பொரியோடு கிளற அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

கருப்பட்டி மிட்டாய்

வெளியூரில் பலருக்கு இதைத் தெரியாது, பார்த்ததும் ஜிலேபி என்று நினைப்பார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை, ஓட்டை போட்ட துணியில் கட்டி எண்ணெயில் சுற்றிப் பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. சீனிப்பாகில் போட்டால் சீனி மிட்டாய். ஜிலேபியைவிடத் தடிமன், உள்ளே குழல் போலப் பாகு நிற்கும்.

கடிக்கும்போது மேலே லேசாக முறிந்து உள்ளேயிருந்து பாகு வர வேண்டும். பாகு இளசாகப் போயிருந்தால் மிட்டாய் ஊறித் துவண்டு கிடக்கும். முற்றிப்போனால் பாகு உள்ளே இறங்காமல் மேலே சர்க்கரை பூத்து நிற்கும். கருப்பட்டி என்று சொல்லி வெல்லத்தில் போடுவதும் நடக்கிறது. கருப்பட்டிக்கு ஒரு புகை வாசமும் கடைசியில் லேசான கரிப்பும் உண்டு, வெல்லத்தில் அது வராது. விலையிலும் வித்தியாசம் தெரியும்.

நின்றபடி சாப்பிட ஆளுக்கு 50 கிராம் போதும். பிறகு ஒரு பிடி காரச்சேவு. வீட்டுக்கென்றால் இரண்டு நாளுக்கு உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

கோவில்பட்டியில்

கடலை மிட்டாய் கடைகளைத் தேட வேண்டியதே இல்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் வரும். 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் ஊர் ஊராகப் பரவிவிட்டதால், பாக்கெட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பாருங்கள்: தயாரித்த இடத்தின் முகவரி எந்த ஊர் என்று இருக்கும்.

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலைப்பருப்பை வெல்லப்பாகில் கிளறி, பலகையில் கொட்டி, உருளையால் தட்டையாக்கிச் சூடு ஆறும் முன் வெட்டுகிறார்கள். எல்லாமே பாகின் பதத்தில் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கெட்டியாகி, எடுத்துத் தட்டில் போட்டால் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் மிட்டாய் வளையும், பல்லில் ஒட்டும். தாண்டிப்போனால் கசக்கும். ஆகவே வாங்கும்போது ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள்: வளையாமல் முறிய வேண்டும். ஒரு கடலை கசந்தால் கவலை வேண்டாம், மூட்டையில் ஒன்றிரண்டு சொத்தை வரத்தான் செய்யும். கடிக்கிற துண்டெல்லாம் கசந்தால் வறுவல் கருகியிருக்கிறது.

மேலே வண்ணத் தேங்காய்ப்பூ தூவியது பார்வைக்கு அழகு, ஆனால் தேங்காய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். நாள்பட வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் தூவாததை வாங்குவது உத்தமம்.

நெல்லையில் அல்வா

நெல்லையில் இனிப்புக் கடையை லாலா கடை என்பார்கள். ஜங்ஷன் பக்கம் நாள் முழுக்கத் திறந்திருக்கும் கடைகள் ஏராளம், ஒன்றின் பெயர் மற்றொன்றின் பெயரைப் போலவே இருக்கும். அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் டவுன். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிறது இருட்டுக்கடை. அது மாலையில்தான் திறக்கும், போட்ட சரக்குத் தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். திறப்பதற்கு முன்பே ஆட்கள் நிற்பார்கள், ஆகவே பலகையைத் தேடாமல் வரிசையைத் தேடுங்கள். முன்னதாகவே போய் நின்றுவிடுங்கள். விடுமுறை நாளில் இன்னும் சீக்கிரம். கையில் சரியான சில்லறை இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போதே எத்தனை கால் கிலோ, எத்தனை அரைக் கிலோ என்று முடிவு செய்துவிடுங்கள். தராசு முன்னால் நின்று வீட்டுக்குப் போன் போட்டு யோசிக்க அங்கே நேரம் தரமாட்டார்கள். நிற்க முடியாதவர்கள் வருந்தத் தேவையில்லை. டவுனில் ரத வீதிகளைச் சுற்றி மாலையில் சூடாக அல்வா போடுகிற வேறு கடைகளும் உண்டு.

சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, தெளியவைத்து, அந்தப் பாலைச் சீனிப்பாகிலும் நெய்யிலும் மணிக்கணக்காகக் கிளறினால் வருவது நெல்லை அல்வா. சாயம் தேவையில்லை, சீனியைக் கருக்கியே அந்தத் தேன் நிறத்தைக் கொண்டுவருவார்கள். துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் ஊடுருவித் தெரிய வேண்டும். வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ரப்பர் மாதிரி மெல்ல மெல்லத் தீராமல் இருந்தால் அது சோளமாவில் செய்தது.

முதலில் ஐம்பது கிராம் சூடாக வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். வாழையிலைத் துண்டிலோ காகிதத்திலோ வைத்துத் தருவார்கள். கரண்டி தேடாதீர்கள், விரலால்தான். உடையில் நெய் வழியாமல் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள். முடித்ததும் திகட்டலுக்கு ஒரு சிட்டிகை மிக்சரோ காரச்சேவோ கையில் போடுவது நெல்லைக் கடைகளில் வழக்கம். தராவிட்டால் 'காரம் கொஞ்சம்' என்று கேட்கலாம். இலவசம்தான், அதற்காக இரண்டாவது முறை கை நீட்டுவது நன்றாக இருக்காது.

சூடாகச் சாப்பிட்ட ருசியை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிலோ கட்டச் சொல்வதுதான் எல்லாரும் செய்வது. நான்கு பேருக்குக் கால் கிலோ போதும். நெய்யும் சீனியும் அவ்வளவு இருக்கிறது, ஆளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் யாராலும் முடியாது.

பால்கோவாவும் மக்ரூனும், சுருக்கமாக

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சீனியும் தவிர வேறு சரக்குக் கிடையாது. அதனால்தான் சீக்கிரம் கெடுகிறது. ஆண்டாள் கோயிலைச் சுற்றி உள்ள கடைகளில் கிளறுவதைப் பார்த்தே வாங்கலாம். மணல் மணலாக, ஈரப்பசையோடு இருக்க வேண்டும். மைதா கலந்தது நாக்கில் மாவாக ஒட்டும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது குளிர்ப்பெட்டியில் வையுங்கள். புளிப்பு வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்நாட்டுச் சுங்க விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பால் பொருளை விடாத நாடுகள் பல.

தூத்துக்குடி மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. முட்டை சேர்க்காதவர்கள் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள், பார்த்தால் தெரியாது. முந்திரித் தூள், சீனி, வெள்ளைக்கரு மூன்றையும் நுரைக்க அடித்துக் கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் வெகுநேரம் வைத்து உலர்த்துகிறார்கள். எடையே இருக்காது, நூறு கிராம் என்றாலே ஒரு பை நிறைந்துவிடும். உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால் சரியாக உலரவில்லை. வாயில் போட்டதும் கரைய வேண்டும்.

எடை, பெட்டி, பில்

தராசில் பெட்டியை வைத்து அதில் அல்வாவைப் போட்டு நிறுத்தால் அட்டையின் எடைக்கும் அல்வா விலை கொடுக்கிறீர்கள். எடை என்பது பண்டத்தின் எடை மட்டும்தான், சட்டமும் அதையே சொல்கிறது. 'பெட்டியைக் கழிச்சுப் போடுங்க அண்ணாச்சி' என்றால் சண்டையில்லாமல் முடியும். மின் தராசில் பெட்டியை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகு சரக்கைப் போடுவதைக் கண்ணால் பாருங்கள். பெரும்பாலான பழைய கடைகள் இதைக் கேட்காமலே செய்கின்றன.

உதிரியாக விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று தட்டருகே எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 அன்று ஒரு விதி வந்தது. சின்னக் கடைகளில் அட்டை இல்லாவிட்டால் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 'இது எத்தனை நாள் தாங்கும்?' அவர் சொல்கிற நாளில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கணக்குக்குச் சரியாக வரும்.

துணிப்பையும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொண்டுபோங்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் காகிதப் பொட்டலம்தான் கிடைக்கும், அதில் அல்வா நெய் ஊறி வெளியே வரும். ஜி-பே பெரும்பாலும் உண்டு. ஆனால் மாலைக் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்பதைவிட நோட்டு நல்லது. விலையைக் குறைக்கப் பேரம் பேச வேண்டாம், இந்தக் கடைகளில் அந்தப் பழக்கம் கிடையாது. பத்து இருபது கிராம் கூடவே விழுவதைக் கவனித்தால் ஏன் என்று புரியும்.

கட்டிக்கொண்டு போவது

அதிகம் கெடுவது இங்கேதான். சூடு ஆறாத சேவை இறுக்கமாகக் கட்டினால் அதன் ஆவியே அதை நமக்கச் செய்துவிடும். சூடாகக் கிடைத்தது என்றால் காகிதப் பொட்டலத்தின் வாயைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டு போங்கள், அரை மணி கழித்து டப்பாவில் போட்டு மூடுங்கள். அல்வாவும் அப்படித்தான்: சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து மேலே விழும், அந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

சேவையும் இனிப்பையும் ஒரே பையில் ஒட்டி வைக்காதீர்கள். அல்வா அடியில், அதன்மேல் கடலை மிட்டாய், பக்கத்தில் தனிப் பையில் சேவு, எல்லாவற்றுக்கும் மேலே மக்ரூன். மக்ரூன் டப்பாவுக்கு மேல் ஒரு செய்தித்தாளைக்கூட வைக்க வேண்டாம். காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டால் கடலை மிட்டாய் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில்

சேவைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருக்கும். ஈரக் கரண்டி கூடாது. குளிர்ப்பெட்டி வேண்டவே வேண்டாம். நமத்துப்போனால் எண்ணெய் விடாத வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி, முழுதாக ஆறவிட்டு மூடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை வந்ததை எந்த வைத்தியமும் காப்பாற்றாது.

அல்வாவை வெளியிலேயே வையுங்கள். குளிரில் நெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படர்ந்தால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கிண்ணத்தில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரில் கிண்ணத்தை வைத்து ஐந்து நிமிடம் விட்டால் பழையபடி இளகும். தண்ணீர் சொட்டு உள்ளே போகக்கூடாது. நேரே அடுப்பில் வைத்தால் அடியில் உள்ள சீனி பிடித்துக்கொள்ளும்.

பிடித்த கடை அமைந்துவிட்டால் பொட்டலத்தில் உள்ள போன் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பல கடைகள் பார்சலில் அனுப்புகின்றன. கடலை மிட்டாயும் சேவும் பார்சலுக்குத் தாங்கும், அல்வாவும் பரவாயில்லை. கருப்பட்டி மிட்டாயையும் பால்கோவாவையும் பார்சலில் கேட்காதீர்கள். திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை குடோனில் கிடக்காமல் வந்து சேரும்.